சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சி

அன்புள்ள கதவுக்கு,

நான் மயங்கி விழவில்லை. மற்றதையெல்லாம் எழுதுவதற்கு முன் இதைத் திருத்திவிட வேண்டும். என் மகன் தொலைபேசியில் உன்னிடம் அப்படித்தான் சொன்னான். எங்கள் தெருவில் பால்காரரிலிருந்து மருந்துக்கடைப் பெண்வரை அப்படித்தான் சொல்கிறார்கள். மருத்துவமனைச் சீட்டிலும் அதையே எழுதிவைத்திருக்கிறார்கள். எனக்குத் தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை. நான் ஒரு பந்தை உதைத்தேன். அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகுதான் விழுந்தேன்.

இடது மணிக்கட்டில் விரிசல், மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். மற்றபடி குறைவில்லை. எழுதும் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த எழுத்தைப் பார்த்தாலே தெரியும். உன் முழங்கால்கள் எப்படி இருக்கின்றன? மகள் வீட்டு மாடிப்படி ஏற முடிகிறதா? கண் அறுவைக்குப் பிறகு நீயே படிக்கிறாயா, அவள் படித்துக் காட்டுகிறாளா? அவள்தான் படிக்கிறாள் என்றால், தன் அம்மாவை யாரோ ‘கதவு’ என்று அழைத்திருப்பதைப் பார்த்து விழிப்பாள். விழிக்கட்டும். காரணம் வருகிறது.

நடந்தது இதுதான். என் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. பக்கத்து டயர் கடை ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே பந்து விளையாடுவார்கள். விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் ஒரே கொத்தாகப் பந்தின் பின்னால் ஓடுகிறார்கள். தன் இடத்தில் நிற்க ஒருவனுக்கும் தெரியாது. சக்கரம் கழற்றும் பருத்த ஆள் ஒருவர் மட்டும் இடது ஓரத்தில் ஒழுங்காகத் தனியே நிற்பார். அவருக்கு ஒருநாளும் பந்து வராது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று இதைத் தினமும் பார்த்துப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று துணி உலர்த்த முன்பக்கம் நின்றேன். பந்து மதிலைத் தாண்டி வந்து உருண்டது. கடைக்காரர் கேட்டருகே ஓடிவந்து, “அம்மா, நீங்க தொடாதீங்க, அப்படியே விட்டுடுங்க, நாங்க எடுத்துக்கிறோம்” என்று கத்தினார். எனக்குச் சூடேறிவிட்டது. என் வீட்டு வாசலில் கிடக்கும் பந்தை நான் தொடக் கூடாதா? உள்ளங்காலால் நிறுத்தினேன். தலையை உயர்த்திப் பார்த்தேன். திறந்திருந்த கேட் வழியாக, சாலைக்கு மேலாக, அந்தப் பருத்த ஆளின் காலடிக்கு இடது காலால், நம் பாஷையில் ஒரு ‘ட்ரங்க் கால்’, தூரத்துப் பாஸ், போட்டேன். அவர் ஓர் அடிகூட நகர வேண்டியிருக்கவில்லை. ஆனால் நான் நின்றது துணி சொட்டிய ஈரத் தரையில். காலில் இருந்தது வீட்டுச் செருப்பு. வலது கால் வழுக்கியது.

கீழே கிடந்தபடியே எல்லாவற்றையும் கேட்டேன். ஒருவன், “பாட்டி என்னா அடி அடிக்கிறாங்கப்பா!” என்றான். கடைக்காரர், “வாயை மூடுடா, ஓடிப்போய்த் தூக்கு” என்றார். மகன் வந்ததும் அதே கடைக்காரர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “துணி காயப் போட்டுட்டு இருந்தாங்க சார், திடீர்னு மயங்கிச் சாஞ்சுட்டாங்க” என்று சொல்லிவிட்டார். பிறகு ஒருநாள் கூப்பிட்டு ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “பந்துன்னு சொன்னா உங்க மகன் எங்களையும் திட்டுவாரு, உங்களையும் திட்டுவாரும்மா. மயக்கம்னா யாரையும் திட்ட முடியாதுல்ல?” என்றார். இரக்கப்பட்டுச் சொன்ன பொய். அது என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது பார்.

நானும் ஆமாம், மயக்கம்தான் என்று சொல்லியிருந்தால் ஒரு பாட்டில் டானிக்கோடு முடிந்திருக்கும். ஆனால் என் மகன், கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்துகிறவன், நர்ஸ் முன்னால் என்னைக் குழந்தையிடம் பேசுவதுபோல், “அம்மா, இனிமே துணியெல்லாம் நீங்க எடுக்கவே வேண்டாம், சரியா?” என்றான். எனக்குப் பொறுக்கவில்லை. துணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நான் பந்து உதைத்தேன், இளவயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண்கள் ஃபுட்பால் அணியில் லெஃப்ட் ஹாஃப் ஆடியவள், என் கால் இன்னும் மறக்கவில்லை என்று சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொன்னேன். அதற்கு நீ என்னைத் திட்டலாம்.

முதலில் சிரித்தான். நர்ஸும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் முகம் மாறியது. “என்னம்மா சொல்றீங்க? நீங்க பாட்டுல்ல பாடுவீங்க?” என்றான்.

அவனைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது பாட்டுதான். சனிக்கிழமை மாலைகளில் நான் பாட்டுப் பயிற்சிக்குப் போவதாக என் பெற்றோர் நம்பினார்கள். அதையே என் கணவர் வீட்டாரிடமும் பெருமையாகச் சொன்னார்கள். கல்யாணமான புதிதில் அவர், “ஒரே ஒரு பாட்டு பாடேன்” என்று கேட்டபோது தொண்டை கெட்டுவிட்டது என்றேன். அந்த நல்ல மனிதர் அன்றிலிருந்து கடைசிவரை என் தொண்டைக்குத் தேன் வாங்கி வந்துகொண்டே இருந்தார். எனக்குத் தேன் பிடிக்காது. அவர் போன பிறகும் அலமாரியில் இரண்டு பாட்டில் இருந்தன.

புருவத்தில் இருக்கும் தழும்பைக் காட்டினேன். உனக்கு நினைவிருக்கும், மழையில் ஊறிப்போன தோல் பந்தைத் தலையால் முட்டினேன், அதன் கயிற்று முடிச்சு கிழித்தது. மகன் மெதுவாக, “அது பாட்டுப் புத்தக அலமாரி சாஞ்சு விழுந்ததுன்னு நீங்களேதானேம்மா சொன்னீங்க?” என்றான். சொன்னேன்தான். உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் என் பழைய பொய் ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது.

பிஸ்கெட் தொழிற்சாலைப் பெண்களோடு ஆடிய அன்று எடுத்த புகைப்படம் என்னிடம் இருக்கிறது. தொழிற்சாலைக்காரர்கள் கேமராவோடு ஓர் ஆளைக் கூட்டிவந்தபோது, நீ “திரும்புங்கடி!” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாய், நாம் எல்லோரும் முதுகைக் காட்டி நின்றோம். அதை எடுத்துக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல நீங்க யாரும்மா?” என்றான். மூன்றாவது முதுகு என்றேன். அவன் விரலால் எண்ணினான். “ஃபுட்பால்ல ஒரு பக்கம் பதினோரு பேரும்மா. இதுல பத்துதான் இருக்கு.” அவன் பொறியாளன். எண்ணிக்கை சரியில்லை என்றால் அவனுக்கு எதுவும் சரியில்லை. ஏன் பத்து என்பதை நான் விளக்கினேன். விளக்க விளக்க, அவனும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகுதான் உனக்குப் போன் செய்தான். ஒலிபெருக்கியில் போட்டான், நானும் கேட்கட்டும் என்று. உன் குரலைக் கேட்டதும் எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்தது. அவன் மரியாதையாகத்தான் கேட்டான்: “ஆன்ட்டி, அம்மா மயங்கி விழுந்துட்டாங்க. சின்ன வயசுல நீங்க ரெண்டு பேரும் ஃபுட்பால் ஆடினதா சொல்றாங்க. உண்மையா?” நீ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “பந்தா? நாங்களா? ஐயோ தம்பி, சனிக்கிழமைன்னா பாட்டுப் பயிற்சிதான். உங்க அம்மா முதல் குரல், நான் ரெண்டாவது குரல்” என்றாய். நான், “ஏய் கதவு, நான்தான், சொல்லு” என்று கத்துவதற்குள் உன் மகள் போனை வாங்கி, அம்மாவுக்கு ஓய்வு நேரம் என்று வைத்துவிட்டாள்.

மகன் என்னை ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதுதான் பெரிய வேதனை. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடக்கிறவற்றை எழுதவே கை கூசுகிறது. ஞாபக டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இன்று என்ன கிழமை, நான் எந்த மாடியில் இருக்கிறேன் என்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னேன். அவர் மேசைக் காலண்டர் போன மாதத்தில் நிற்பதையும் சொன்னேன். அவர் மகனிடம், “கிழமை எல்லாம் தெரியும் சார். நடக்காததை நடந்ததா நினைக்கிறாங்க பாருங்க, அது வேற. ஆரம்பம் இப்படித்தான் இருக்கும்” என்றார், நான் அறையில் இல்லாததுபோல. மருமகள் நல்லவள். நல்லவள் என்பதால்தான் அவளோடு சண்டை போட முடியவில்லை. அடுப்பின் திருகுகளைக் கழற்றி எடுத்துப் போய்விட்டாள். காலையில் பிளாஸ்க்கில் டீ வருகிறது; பதினொரு மணிக்கு அது கஷாயம். டப்பாக்களில் எல்லாம் சீட்டு ஒட்டியிருக்கிறாள்: சர்க்கரை, உப்பு, காபித்தூள். “அத்தை, ஒரு வசதிக்குத்தான்” என்கிறாள். என் வீட்டுச் சர்க்கரையை எனக்கே அறிமுகம் செய்கிறாள்! வாசல் சாவி அவள் கைப்பையில் இருக்கிறது.

மாதக் கடைசியில் என்னைத் தங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். இந்த வீடு ஒரு பல் டாக்டருக்கு வாடகைக்கு. நேற்று அவர் டேப்போடு வந்து என் படுக்கையறையை அளந்தார். நாற்காலி எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று கட்டிலில் உட்கார்ந்திருந்த என் தலைக்கு மேலே பேசிக்கொண்டார். மகனிடம் கடைசியாகச் சண்டை போட்டேன். அவன் கண் கலங்கி, “உங்களை நம்பணும்னுதாம்மா எனக்கும் ஆசை. ஒருத்தராவது ஆமான்னு சொல்லட்டும், நான் எல்லாத்தையும் நிறுத்திடறேன்” என்றான். பேச்சு மாறுகிறவன் இல்லை. அந்த ஒருத்தர் நீதான். வேறு யாரும் மிச்சமில்லை.

ஆகவே இனி வருவது உனக்காக மட்டும் எழுதுவதில்லை. படித்துக் காட்டுகிறவளே, நீயும் கேள்.

உன் அம்மாவும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதுகு வளையாமல், ஸ்விட்ச்போர்டு முன்னால் நாள் முழுக்க உட்காரும் வேலை. ‘நம்பர் ப்ளீஸ்’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசினால் சூப்பர்வைசர் அம்மாள் பின்னால் வந்து நிற்பாள். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப் போன பெண்களைப் பார்த்து, எங்கள் லைன்மேன் ஒருநாள், “கம்பத்துக்குக்கூடக் காத்து படுது, உங்களுக்குப் படலியே” என்றார். ஆண்கள் அணி ஆடாத சனிக்கிழமைகளில் எக்ஸ்சேஞ்சின் சாமான் கொட்டகைக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் எங்களை ஓடவிட்டார். அவர்கள் கழித்துப் போட்ட சட்டைகள்; முனையில் பஞ்சு அடைத்த பூட்ஸ்கள். எல்லாம் பேட்டரி அறையில், யாரும் திறக்காத பெட்டிக்குள் இருந்தன.

உன் அம்மா கோல்கீப்பர். அவள் நின்றால் வழி அடைபட்டது என்று லைன்மேன் வைத்த பெயர்தான் கதவு. என்னை, இருபது சொச்சம் வயதில், ‘மதர்’ என்று அழைத்தார்கள். கான்வென்டில் படித்தவள், எல்லோரையும் திருத்திக்கொண்டே இருப்பவள் என்று. மைதானத்திலும் போர்டு பாஷைதான். தூரத்துப் பாஸ் வேண்டுமென்றால் ‘ட்ரங்க்!’ என்று கத்துவோம். எதிராளி ஒட்டிக்கொண்டு நின்றால் ‘என்கேஜ்ட்!’. பந்தைக் காலடியில் வைத்துக் காத்திரு என்றால் ‘ஹோல்ட் த லைன்!’. மருத்துவமனை நர்ஸுகள் அணிக்கு இது புரியாமல், “என்னடி, மேட்ச்சா, டூட்டியா?” என்று கேட்டார்கள்.

நாங்கள் பெரும்பாலும் தோற்றோம். அதை மறைக்க மாட்டேன். நர்ஸுகள் நின்று பழகியவர்கள், பிஸ்கெட் தொழிற்சாலைக்காரிகள் மூட்டை தூக்கிப் பழகியவர்கள். நாங்கள் உட்கார்ந்து பழகியவர்கள். ஆனால் கதவு, மழை விட்டதும் அந்த மைதானத்தில் கிளம்பும் மண் வாசனையும், பந்து பாதத்தின் மேட்டில் சரியாகப் பட்டால் எழும் அந்தச் சத்தமும் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. நன்றாகத்தான் வாழ்ந்தேன். இருந்தாலும் கிடைக்கவில்லை. முழங்காலில் சேறோடு பின்பக்கக் குழாயடியில் வரிசையில் நின்று, ஒருத்தி காலை ஒருத்தி கழுவிக்கொண்டு, போகிற வழியில் வீட்டில் கேட்டால் பாடிக்காட்ட ஒரே ஒரு பாட்டை எல்லோரும் கரடுமுரடாக மனப்பாடம் செய்வோமே! நான் பாடினால் நீ காதைப் பொத்திக்கொள்வாய். முதல் குரலாம்.

பத்து பேர் ஏன் என்று என் மகன் கேட்டானே. முதலில் பதினோரு பேர்தான் இருந்தோம். ரைட் விங்கில் ஆடியவள் எங்கள் எல்லோரையும்விட இளையவள், ‘சின்னது’ என்போம். பந்தைவிட வேகமாக ஓடுவாள். யாரோ வாய் தவறிச் சொன்னதில் அவள் அண்ணனுக்குத் தெரிந்துபோனது. திங்கட்கிழமை அவள் நாற்காலி காலி. அந்த அண்ணன் எக்ஸ்சேஞ்சுக்கே வந்து, இன்னும் யார் யார் ஆடுகிறார்கள், பெயர் சொல்லு என்று கவுன்ட்டரைத் தட்டினான். கதவு, நீதான் முன்னால் போனாய். “பந்தா? நாங்களா? சனிக்கிழமைன்னா பாட்டுப் பயிற்சிதான்” என்று கண்ணை இமைக்காமல் சொன்னாய். இவள் முதல் குரல், நான் இரண்டாவது குரல் என்றாய். நம்மைக் காப்பாற்றியது அந்தப் பொய். சின்னதை அதன் பிறகு நாம் யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை பேட்டரி அறையில் பேசி முடிவு செய்தோம். பத்துப் பேரும் சேர்ந்து சரி என்றால் ஒழிய, ஒருத்தியும் யாரிடமும் சொல்வதில்லை. அண்ணனிடம், கணவனிடம், பெற்ற பிள்ளையிடம். எந்த ஆண் குரல் விசாரித்தாலும் ஒரே பதில்தான். ரைட் விங்குக்கு வேறு ஆள் சேர்ப்பதுமில்லை. லைன்மேன் தலையில் அடித்துக்கொண்டார். பத்துப் பேராகவே ஆடி, இன்னும் நன்றாகத் தோற்றோம். போர்டில் காதில் விழுந்ததை வெளியே விடாத பெண்களுக்கு இது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

ஆகவே, உன் பதிலைக் கேட்ட ராத்திரி முழுக்க யோசித்து நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். என் மகன் குரல் உனக்கு அந்த அண்ணன் குரலாகக் கேட்டிருக்கிறது. அதே வார்த்தைகளை, அதே வரிசையில் சொன்னாய். நீ வாக்குத் தவறவில்லை. தவறியவள் நான். இப்படித்தான் நான் நம்புகிறேன். உன் மகள் ‘ஓய்வு நேரம்’ என்று சொன்ன தொனியை நினைக்கும்போது வேறொன்றும் தோன்றுகிறது. அதை இந்தத் தாளில் எழுத மாட்டேன்.

பத்தில் எட்டுப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் நாம் இருவர். என் சம்மதத்தை இதோ கொடுத்துவிட்டேன். உன் சம்மதம் வேண்டும்.

எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இரு. இந்தக் கடிதத்தில் இருப்பதையே திருப்பி எழுதினால், அம்மா சொல்லிக்கொடுத்ததை ஆன்ட்டி எழுதியிருக்கிறார் என்று மகன் சொல்லிவிடுவான். ஆகவே ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நர்ஸுகளுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் அவர்களுக்குப் பெனால்டி கிடைத்தது. அவர்கள் பந்தை வைக்கும்போது நீ என்னைக் கையசைத்துக் கூப்பிட்டு, என் காதில் ஒன்று சொன்னாய். சொல்லிவிட்டுப் போய்த் தடுத்தாய். நீ சொன்னதை என் மகனிடம் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகு அவனே இரண்டையும் பிரித்துப் பார்க்கட்டும்.

இதைத் தபாலில் சேர்க்கப்போவது டயர் கடைக்காரர். அந்தப் பொய்க்கு அவருக்கு நான் கொடுத்த தண்டனை. பருத்த ஆளுக்கு இப்போது இரண்டொருவர் பாஸ் கொடுக்கிறார்கள் என்று சொன்னார். ஜன்னலில் நின்று பார்த்தேன், உண்மைதான்.

உன் முழங்கால்களைப் பார்த்துக்கொள். மகளோடு சண்டை போடாதே. கடவுள் உன்னை உன் நினைவோடு நெடுநாள் வைத்திருக்கட்டும். நீ அன்று என் காதில் சொன்னது நினைவிருந்தால் அதை எழுது. இல்லையென்றால் நினைவில்லை என்று எழுது. நான் யாருக்கும் காட்ட மாட்டேன், பல் டாக்டருக்கு அறையைக் காலி செய்து கொடுத்துவிட்டு உன்னைப் பார்க்கப் புறப்பட்டு வருவேன். எதுவானாலும் போனில் வேண்டாம். உன் கையால் எழுதி, மாதக் கடைசிக்குள் எனக்குப் பதில் அனுப்பு.

என்றும் உன்,
மதர்